விலை பிரேமுக்குத்தான்

சென்ற தை மாதம் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்குள் சும்மா நுழைந்தேன். எனாமல் தூக்குகளுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவே சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு புகைப்படம் கண்ணில் பட்டது. கடைந்த தேக்கு பிரேம். உள்ளே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆச்சி. மார்பில் எங்கள் பக்கத்துத் தாலியான கழுத்துரு, காலில் செருப்பில்லை, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. இவர் எந்த வீட்டு ஆச்சி என்று கேட்டேன். தெரியாது என்றார் கடைக்காரர். படம் வேண்டாமென்றால் கழற்றிவிட்டுத் தருகிறேன், விலை பிரேமுக்குத்தான் என்றும் சொன்னார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நாம் விற்றதைத்தான் அவர் விற்கிறார்.

செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் இடம்பெற்றன. அன்று முதல் எங்கள் பக்கத்தில் பாரம்பரியம் என்ற சொல்லுக்கு நல்ல மவுசு. வீடுகளைப் பார்க்க வருகிறவர்களிடம் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரைக்கல் என்று வரிசையாக ஒப்பிக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்தது உண்மைதான். ஆனால் அந்த முட்டைகளின் எண்ணிக்கையை வழிகாட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் கணவனைக் கப்பலேற்றிவிட்டு மூன்று வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டாம் கட்டில், அதாவது பின்முற்றத்தில், யார் சமைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

எங்கள் ஊர்களில் தூணைக் காப்பாற்றப் பேச ஆள் இருக்கிறது. பேரைக் காப்பாற்றத்தான் ஆளில்லை. ஊருக்கு ஒரு வரலாற்றுக் குழு வேண்டும். பெரிய கட்டடமோ, குத்துவிளக்கு ஏற்றும் விழாவோ வேண்டாம். நான்கைந்து பேர், ஒரு ஸ்கேனர், வீடு வீடாக ஏறி இறங்கப் பொறுமை, இவை போதும்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. இப்போது பதினேழு பங்காளிகளுக்குச் சொந்தம்; அதாவது யாருக்கும் சொந்தமில்லை. ஓடு மாற்றவே மூன்று வருடம் பேசினோம். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது மாடி அறையில் இருந்த பேரேடுகள், கடிதக் கட்டுகள் எல்லாம் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறிவிட்டன. நான் சென்னையில் இருந்தேன். விஷயம் தெரிந்தபோது கல்யாணமே முடிந்திருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கரையான் அரித்த குப்பை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். ஒரே ஓர் ஏடு தப்பியது. ஆடிக்கொண்டிருந்த அலமாரியின் காலுக்கு யாரோ அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அது எங்கள் ஐயா பர்மாவின் பெகுவில் பார்த்த வட்டிக்கடைக் கணக்கு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே விலாசம். எங்கள் பக்கத்தில் விலாசம் என்றால் வீட்டு முகவரி அல்ல. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துக் கடைக்கு வைத்த அடையாளம். மூன்று தலைமுறை அந்த நாலு எழுத்துக்குள் மடிந்து கிடக்கும். அதற்குக் கீழே ஒரு வரிகூட எனக்குப் படிக்க வரவில்லை. தமிழ் எண்கள், அவற்றோடு மாகாணி, முந்திரி என்று பின்னங்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்துத் தெருவில் எண்பது வயது தாண்டிய ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் போல வாசித்தார். அடுத்த மாதமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. அவர் போய்விட்டார்.

அவர் வாசித்துக் காட்டிய பற்றுக் கணக்கில் மவுங் என்று தொடங்கும் பெயர்கள் நிறைய இருந்தன. பர்மியக் குடியானவர்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடனைக் கட்ட முடியாமல் அவர்கள் நிலத்தை இழந்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி, நகரத்தார் எனப்படும் எங்கள் செட்டியார்களின் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும், எங்கள் ஆட்கள் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பியதும், பின்னால் அந்த நிலமே கைவிட்டுப் போனதும் எங்கள் வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. முதல் பாதியை யாரும் சொல்வதில்லை. ஏடு சொல்கிறது. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று எழுதப் பழகிய சமூகம், வரலாறு என்று வரும்போது மட்டும் வரவை மட்டும் படிக்கலாமா?

இதனால்தான் இந்தக் குழு ஒரு சாதிச் சங்கமாகிவிடக் கூடாது என்கிறேன். இதைச் சொன்னதற்கே உறவினர் ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பரவாயில்லை. வீட்டைக் கட்டியவர் பெயர் முகப்பில் இருக்கிறது. கதவில் கஜலட்சுமியைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் எங்கே? சுவரைக் கண்ணாடி போலத் தேய்த்த கொத்தனார் எந்த ஊர்? கண்ணாடித் தகட்டின்மேல் சாயம் ஊற்றி, சிமென்ட் பரப்பி, தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தந்த ஆத்தங்குடிக் குடும்பங்கள் எவை? அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் திண்ணையிலும் போய் உட்கார வேண்டும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் எங்கள் கல்யாணங்கள் பதிவாகின்றன; கோயில் மாலை வந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் புள்ளி, அதாவது கணக்கில் தனிக் குடும்பம். இத்தனை ஒழுங்கு இருந்தும் என் அப்பத்தாவின் அப்பத்தா பெயர் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, வீடுகளில் பெற்ற தாயின் பெயர் அதைவிடச் சீக்கிரம் மறைந்துவிடுகிறது. சீர் சாமான் பட்டியல், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம், மொய் ஏடு இவற்றில்தான் அந்தப் பெண்கள் ஒளிந்திருக்கிறார்கள். பழைய பேப்பர்க்காரரிடம் முதலில் போவதும் இவைதான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கோட்டையூரைக் காட்டுகிறேன். ரோஜா முத்தையா என்று ஒரு மனிதர் அங்கே இருந்தார். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகம், இதழ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. தனி ஒரு ஆள் தமிழ் அச்சுலகத்துக்கே இதைச் செய்திருக்கும்போது, தன் நாலு தெருவுக்கு ஓர் ஊர் செய்ய முடியாதா?

வீடுகளை ஹோட்டலாக்குகிறார்களே என்று சிலர் கேட்கலாம். ஆக்கட்டும். இடிந்து விழுவதைவிட நாலு பேர் தங்கிச் சாப்பிடுவது மேல். ஆனால் சாவியைக் கொடுக்கும் முன் மாடி அறைப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

எங்கள் வீட்டுப் படைப்பு வரும் மாசியில். பதினேழு பங்கும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் நாள் அது ஒன்றுதான். இறந்தவர்கள் பெயரைச் சொல்லித் துணி வைத்துக் கும்பிடும் அன்றே, இருக்கிறவர்களிடம் கேட்டு எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். ஸ்கேனர் வாங்கியாயிற்று. பழைய கணக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள், பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.

அந்தப் படத்தை பிரேமோடு வாங்கிவிட்டேன். இந்தக் கட்டுரையின் கீழே அதை வெளியிட்டிருக்கிறேன். அட்டையின் பின்பக்கம் பினாங்கு ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை பாதி அழிந்து தெரிகிறது. ஆச்சியின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். யாராவது அடையாளம் சொன்னால் கொண்டுவந்து தருகிறேன். பிரேமுக்குக் காசு வேண்டாம்.