பதினான்காவது நிமிடத்தில் வந்து சேரும் ரயில்

பிரிட்டனில் மரம் இலை உதிர்த்தாலே ரயில் தாமதமாகிவிடுகிறது என்று, ரயில் தாமதங்களைப் பற்றிய கட்டுரையில் அதை எழுதியவர் கேலி செய்திருப்பதை ரசித்தேன். ஆனாலும் இலைகளின் பக்கமும் சற்று நியாயம் இருக்கிறது. ஈர இலைகள் சக்கரங்களுக்கடியில் நசுங்கித் தண்டவாளத்தின் மேல் வழுவழுப்பான கரும்படலமாகப் படிந்துவிடுவதால், ஓட்டுநர் வழக்கத்தைவிட முன்னதாகவே பிரேக் போட வேண்டியிருக்கிறது. அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கென்றே தனி ரயில்கள் ஓடுகின்றன. கோடைக்கு அந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை. தண்டவாளம் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இழுப்போ அழுத்தமோ இல்லாமல் இருக்கும்படி இங்கே பொருத்தப்படுவதால், வெயில் ஏறினால் வளைந்துவிடுமோ என்று வேகத்தைக் குறைக்கிறார்கள். சூடு ஏறாமலிருக்கச் சில இடங்களில் தண்டவாளத்துக்கு வெள்ளையடிக்கவும் செய்கிறார்கள் (நம்பாதவர்கள் ஜூலையில் எட்டிப் பார்க்கலாம்).

என் உண்மையான புகார் இழப்பீட்டைப் பற்றியது. பல ரயில் நிறுவனங்கள் 15 நிமிடம் தாமதமானாலே கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. நான் செல்லும் காலை வண்டியோ, யாரோ கடிகாரத்தைப் பார்த்தே ஓட்டுவதுபோல், 14 நிமிடத் தாமதத்தோடு வந்து சேர்ந்துவிடுகிறது. கதவருகே நெருக்கியடித்து நிற்கும் எங்களுக்குள் பேச்சே இருக்காது. ஆனால், நிலையத்துக்குச் சற்று முன்னால் சிக்னலில் வண்டி நின்றதும் பலருடைய பார்வையும் கைக்கடிகாரத்துக்குப் போவதைக் காணும்போது, இன்னும் ஒரு நிமிடம் நிற்காதா என்று ஏங்குபவன் நான் மட்டுமல்லன் என்பது தெரிகிறது.