சாக்லேட் காரணமா, அறிகுறியா?
'சாக்லேட்டும் இனிப்பும்தான் மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும், பெண்கள் அவற்றை விட்டுவிட வேண்டும்' என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பலருக்கு உண்மை அதற்குத் தலைகீழ். வலிக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஓரிரு நாள் முன்பே, மூளையில் பசி, தூக்கத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், இனிப்பின் மேல் ஆசை எல்லாம் அப்போதே வரும். பழி மட்டும் சாப்பிட்ட சாக்லேட் மேல் விழுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சேமிப்போ மிகச் சொற்பம். அதனால் பட்டினிதான் பெரிய எதிரி. மாதவிடாய்க்கு 2 நாள் முன்பிலிருந்து 3ஆம் நாள் வரை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரிந்திருக்கும் அந்த நாட்களில், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு 11 மணி வரை வெறும் காபியோடு நிற்காதீர்கள், விரதமும் வேண்டாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். மைக்ரேனைத் தடுக்க வைட்டமின் பி2 (ரைபோஃப்ளேவின்) எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆய்வில் பலன் தெரிந்த அளவு தினம் 400 மி.கி., அதுவும் 3 மாதம். பல பி வைட்டமின்கள் கலந்த சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் பி2 10 மி.கி. அளவுதான் இருக்கும். அதையே கைநிறைய விழுங்கினால் கூடவே பி6 மிகுந்து, நாளடைவில் நரம்பு கெட்டு விரல்கள் மரத்துப்போகும். மருத்துவரிடம் கேட்டு ரைபோஃப்ளேவினைத் தனியாக வாங்குங்கள். சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். வலிக்கு முன் கண்ணெதிரே வளைந்து வளைந்து ஒளி மின்னுகிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை தொடங்குமுன் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாத ஆபத்து கூடும்.