மலையேறும் சைக்கிளுக்கு 250 வாட் போதும்

மலையில் வேலைக்குப் போய்வர மின்சார சைக்கிள் கட்டப்போகிறேன் என்று சொல்பவருக்குக் கடைகளில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: ஆயிரம் வாட் மோட்டார் போட்டுவிடுங்கள், மேடெல்லாம் பறந்து ஏறும். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நானே கட்டிய சைக்கிளில் போய்வருகிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், அது தவறான அறிவுரை. நம் சாலைகளுக்கு 250 வாட் போதும். அந்த மோட்டாரை எங்கே பொருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் ஏறும் மிகச் செங்குத்தான சரிவு 12க்கு 1, அதாவது 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சாலையின் கடினமான பகுதிகளுக்கும் 8 விழுக்காட்டையே வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்றால், புவியீர்ப்பு நம்மைப் பின்னால் இழுப்பது 8 கிலோ எடை அளவுக்கு. டயர் உராய்வுக்கு இன்னும் ஒரு கிலோ. இந்த 9 கிலோ இழுவையை எதிர்த்து மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் ஏறத்தாழ 300 வாட் தேவை. உடல்நலமுள்ள ஒருவர் மூச்சு வாங்காமல் மிதித்தாலே 100 வாட் தருவார். மீதி 200 வாட்டை மோட்டார் கொடுத்தால் போதும். அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருக்காது.

பிறகு ஏன் பலருடைய 250 வாட் சைக்கிள்கள் மேட்டில் திணறி, சூடாகி, நின்றுவிடுகின்றன? அவை சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார்கள். சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துக்காகச் சுருள் சுற்றப்பட்டவை. 26 அங்குலச் சக்கரம் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும். மேட்டில் 12 கிலோமீட்டருக்கு இறங்கினால் 97 சுற்றுதான். ஹப் மோட்டாருக்கு மாற்றிக்கொள்ள கியர் கிடையாது. பாதி வேகத்தில் சுழன்றுகொண்டே சமதளத்தில் தருவதைப்போல் பல மடங்கு முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, தர வேண்டும். முறுக்குவிசைக்கு மின்னோட்டம் வேண்டும். சுருளில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. விசை இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. உள்ளே பல்லிணை உள்ள ஹப் மோட்டாரில் அந்தப் பற்கள் பெரும்பாலும் நைலான். நீண்ட ஏற்றத்தில் அவைதான் முதலில் உயிரை விடும்.

மோட்டாரைப் பெடல் அச்சில் பொருத்திச் செயின் வழியாக ஓட்டினால் கதையே வேறு. 7 கியர் சைக்கிள்கள் பலவற்றின் ஃப்ரீவீலில், அதாவது பின்சக்கரத்தின் பல்வட்டு அடுக்கில், பெரிய வட்டுக்கு 28 பல் இருக்கும். முன்னால் பெடலோடு சுற்றும் வட்டு 36 பல் என்று போட்டால், பெடல் நிமிடத்துக்கு 75 சுற்று சுற்றும்போது சக்கரம் 96 சுற்று சுற்றும். அதுவே மேட்டில் நமக்கு வேண்டிய 12 கிலோமீட்டர். காலுக்கும் அது இதமான வேகம், மோட்டாரும் தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுழல்கிறது. சமதளம் வந்ததும் பின்னாலுள்ள சின்ன வட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. மோட்டாரின் விசை முழுவதும் செயினில் போவதால் செயினும் வட்டுகளும் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் தேயும். கியர் மாற்றும் கணத்தில் மோட்டார் முழு விசையில் இழுத்துக்கொண்டிருந்தால் செயின் அறுந்தே போகலாம். பிரேக் கைப்பிடியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் வைத்து, அதை லேசாகத் தொட்டுக்கொண்டு கியர் மாற்றப் பழக வேண்டும். செயினை மாற்றும் செலவு, எரிந்த மோட்டாரை மாற்றும் செலவில் சிறு பங்குகூட இல்லை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் மின்சைக்கிளை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. ஆயிரம் வாட் போட்டால் அது பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் கேட்கும் வண்டி. வீட்டில் கட்டிய சைக்கிளுக்குப் பதிவு வாங்குவது நடக்கிற காரியமா?

இனி பேட்டரி. இங்கேதான் ஆட்கள் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான்.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், உதகை 2,240. ஏறத்தாழ 400 மீட்டர் ஏற்றம். 100 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் வெறும் 109 வாட்-மணி. டயர், காற்று, மோட்டார் இழப்பு, வழியிலுள்ள இறக்கங்களால் கூடும் ஏற்றம் எல்லாம் சேர்த்து, பெடலைத் தொடாமலே போனாலும் 250 முதல் 300 வாட்-மணிக்குள் முடிந்துவிடும். ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கிறது. கூடவே மிதித்தால் தாராளமாக மிஞ்சும்.

மூன்று 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் மலிவாக முடியும் என்று கேட்கிறார்கள். காகிதத்தில் அது 252 வாட்-மணி. ஆனால் ஈய அமில பேட்டரியில் எழுதியிருக்கும் அளவு 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைப்பது. ஒரு மணி நேரத்தில் உறிஞ்சினால் 60 விழுக்காடு வந்தாலே அதிகம். அதற்காக 6 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு மலையேற வேண்டும்.

பழைய மடிக்கணினி பேட்டரிகளைப் பிரித்து அதிலுள்ள 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்களைச் சேர்ப்பது இன்னும் மோசம். வயதும் உள்தடையும் வேறுபட்ட செல்களைத் தொடராக இணைத்தால், பலவீனமான வரிசை ஒவ்வொரு ஏற்றத்திலும் முதலில் காலியாகும், சார்ஜ் ஏற்றும்போது முதலில் வரம்பைத் தாண்டும். வீட்டுக்குள் குழந்தைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஆகும் பொருள் அது. புதிய செல் வாங்கும்போதும் கவனம் தேவை. 18650 அளவுள்ள செல்லில் 3,500 மில்லி ஆம்பியர்-மணியைச் சுற்றித்தான் உச்சம். 9,800 என்று அச்சிட்டு விற்கிறார்கள் என்றால் அது பொய். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் இரும்பை வைக்காதீர்கள், வெப்பம் உள்ளே போய்ச் செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். செல் வரிசைகளைக் கண்காணிக்கும் பிஎம்எஸ், பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ், இந்த இரண்டும் இல்லாத பேட்டரியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நீலகிரிக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. உறைபனிக் காலத்தில் உதகையில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் எதிர்முனையில் உலோகமாகவே லித்தியம் படியும், அது திரும்பாத சேதம். அந்த மாதங்களில் திண்ணையில் வைத்து இரவு சார்ஜ் போடுவது கூடாது. உள்ளே கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு, கண் பார்வையில் போடுங்கள்.

ஏறிய 400 மீட்டரும் இறங்கியாக வேண்டும். அதே 109 வாட்-மணியில் டயரும் காற்றும் தின்றது போக மீதி அப்போது பிரேக்கில் வெப்பமாக இறங்கும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகிப் பேட்டரியையும் நிரப்பும் என்று விற்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். மேலே வீடு இருப்பவர் காலையில் முழுச் சார்ஜுடன் இறங்கினால் அந்த மின்சாரம் எங்கே போகும்? நிறைந்த பேட்டரி வாங்க மறுக்கும், பிஎம்எஸ் இணைப்பைத் துண்டிக்கும், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மோட்டார் பிரேக் திடீரென்று இல்லாமல் போகும். பெடல் அச்சு மோட்டாரில் அந்த வசதியே கிடையாது, அதை நான் குறையாகக் கருதவில்லை. மழையும் மூடுபனியுமான சாலையில் ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டைகளை மட்டும் நம்பக் கூடாது. ஆயிரம் வாட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் போடுங்கள்.

கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் கட்டத் தொடங்கியிருப்பவர்கள் உங்கள் சாலையின் சரிவையும் மொத்த எடையையும் சக்கர அளவையும் கீழே எழுதுங்கள். எத்தனை பல் வட்டு வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.