கொலஸ்ட்ரால் ஆபத்து மருந்து கம்பெனிகள் கட்டிய கதையா?

"கொலஸ்ட்ரால் ஆபத்து என்பதே ஸ்டேட்டின் மாத்திரை விற்கக் கட்டிவிட்ட கதை" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான ஸ்டேட்டின் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததே 1987-இல்தான். அதற்கு வெகு முன்பே, 1970-களில், அமெரிக்காவின் டல்லஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவ விஞ்ஞானிகள் பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் எகிறும் நோயை ஆராய்ந்தார்கள். அதன் கடுமையான வகை பள்ளி வயதிலேயே மாரடைப்பை வரவைக்கும். அந்தக் கடுமையான வகை நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தால், எல்டிஎல் எனும் 'கெட்ட' கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் வேலை செய்யவில்லை. பிடிக்க ஆளில்லாத எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்கி, குழாய்ச் சுவரில் படிகிறது. இதற்குத்தான் 1985-இல் நோபல் பரிசு.

ஸ்டேட்டின் கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. உடனே கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை உருவாக்கி, ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. சிலருக்குத் தசைவலி வருவது உண்மைதான். அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபார்வர்டை நம்பி நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.