மரத்தை யாருய்யா கும்பிட்டா?

அந்த வாய்ஸ் நோட் கதை இங்க பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு ஊகிச்சுக்கோங்க. அம்மா ஆசை ஆசையா கிறிஸ்துமஸ் மரத்தையும் குடிலையும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டாங்க. ஒரு ஹார்ட்டைப் போட்டுட்டுப் போறதுக்கு என்ன கேடு? இப்போ வேற சபையில இருக்கிற என் தம்பி முறைக்காரன்கிட்ட இருந்து வாய்ஸ் நோட்ல பிரசங்கம் வருது, "பெரியம்மா, எரேமியா 10 வாசிங்க, இது விக்கிரக ஆராதனை"ன்னு.

சரி, பைபிளை எடுத்து அந்த அதிகாரத்தை வாசிச்சேன். வனத்துல மரத்தை வெட்டி, தச்சன் வாச்சியால செதுக்கி, வெள்ளி பொன்னால அலங்கரிச்சு, அசையாம இருக்க ஆணி அடிக்கிறாங்கன்னு இருக்கு. தம்பி, தச்சன் செதுக்குறது சிலைய்யா, சிலை. அடுத்த வசனமே அது பேசாது, நடக்காது, தூக்கிட்டுத்தான் போகணும்னு சொல்லுது. எங்க வீட்டு மரமும் பேசாதுதான், சீரியல் பல்பு பாதி எரியவும் எரியாது. ஆனா அதுக்கு முன்னாடி முட்டிபோட்டு ஜெபம் பண்ணவங்க எங்க வீட்ல யாருமில்ல. யாரும் மரத்தைக் கும்பிடல. திரும்பவும் சொல்றேன், கும்பிடல.

"அது வெள்ளைக்காரன் பழக்கம்"னு அடுத்து வருவீங்க. ஆமா, ஜெர்மனியில 16ஆம் நூற்றாண்டுலயே இருந்துச்சு, 1848ல விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கிற படம் லண்டன் பத்திரிகையில வந்து ஊரெல்லாம் பரவுச்சு, வத்திக்கான் சதுக்கத்துக்கே 1982லதான் வந்துச்சு. இருக்கட்டும். நான் எங்க இது ஆதாம் காலத்து வழக்கம்னு சொன்னேன்? நீங்க மேடையில வாசிக்கிற கீபோர்டு மட்டும் எருசலேம்ல இருந்து வந்துச்சா?

சின்ன வயசுல எங்களுக்கு மரம்னா சவுக்குதான். தூத்துக்குடியில வளர்ந்தவங்களுக்குத் தெரியும், பெயிண்ட் டப்பாவுல மணலைக் கொட்டி சவுக்குக் கிளையை நட்டு, பலூனும் ஜிகினாவும் கட்டி, பஞ்சைப் பிச்சுப் போட்டுப் பனின்னு சொல்லிக்குவோம், எங்க ஊர்ல வெள்ளையா குவிஞ்சு கிடக்கிறது உப்பு மட்டும்தான். அந்தச் சவுக்கே நம்ம ஊரு மரம் இல்ல, ரயில் எஞ்சினுக்கு விறகு வேணும்னு வெள்ளைக்காரன் கொண்டாந்து தோப்பு தோப்பா நட்டது. அதையும் வெட்டிப் போட்டுருவோமா?

இதெல்லாம் அந்தப் பிரசங்கிக்குத் தெரியாதா என்ன? மூங்கில் சிம்புல ஸ்டார் கட்டும்போது எங்கூட உக்காந்து காத்தாடிப் பேப்பர் ஒட்டினவன் அவன்தான். மைதா பசையைப் பூச்சி அரிக்கக் கூடாதுன்னு எங்கப்பா மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவாரு, கையெல்லாம் நீலம். குடிலுக்குப் புல்லு வேணும்னு சிரட்டையில கேழ்வரகு போட்டு, அதுக்குத் தண்ணி ஊத்துறது யாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் அடிதடி. கழுதை சுரூபத்துக்குக் காது ஒடைஞ்சப்போ ஃபெவிகால் போட்டு ஒட்டினதும் அவன்தான், தலைகீழா ஒட்டிட்டான், இன்னிக்கும் அப்படியே இருக்கு. அப்போ எரேமியா எங்க போயிருந்தாரு?

சிலர் கேப்பீங்க, டிசம்பர் 25ன்னு பைபிள்ல இருக்கான்னு. இல்ல. டிசம்பர் 31 ராத்திரி நீங்க நடத்துற கூட்டம் இருக்கா? போங்கப்பா.

பிளாஸ்டிக் மரம் சுற்றுச்சூழலுக்குக் கேடுங்கிறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா நாங்க இப்போ வைக்கிறப்போ எல்லாம் அதே பழைய பிளாஸ்டிக் மரத்தைத்தான் பரண்ல இருந்து இறக்குறோம். காசு வீண், ஏழைக்குக் குடுக்கலாமேங்கிறவங்க முதல்ல ஒங்க சபை வாசல்ல அடிச்சிருக்கிற ஃபிளெக்ஸ் பேனரைக் கணக்குப் போட்டுட்டு வாங்க.

எனக்குக் கோவம் வசனத்து மேல இல்ல. அப்பா போனதுக்கப்புறம் அம்மா மரத்தைத் தொடவே இல்ல. ஸ்டார்கூட மாட்டல. இந்த வருஷம்தான் அவங்களா ஸ்டூல் போட்டு ஏறி பெட்டியை இறக்கினாங்க, காக்கித்தாளைக் கசக்கி மலை செஞ்சாங்க. அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசல, போய் பல்பு சுவிட்சை அணைச்சாங்க. "அவன் சொல்றதும் சரியா இருக்குமோ"ன்னு என்கிட்ட கேக்குறாங்க. எழுபது வயசுல, இத்தனை வருஷம் ஜெபமாலை சொன்ன பொம்பளை, நான் பாவம் பண்ணிட்டேனான்னு கேக்குறாங்கய்யா. இதுக்குப் பேரு சுவிசேஷமா?

பல்பை நான் திரும்பப் போட்டுட்டேன். மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும், ஜனவரி 6 வரைக்கும் கழட்டப் போறதில்ல. தம்பி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். குரூப்ல பேசாத, வீட்டுக்கு வா. அச்சு முறுக்கு ஒனக்குன்னு தனி டப்பாவுல எடுத்து வெச்சிருக்காங்க ஒன் பெரியம்மா, அந்த வாய்ஸ் நோட் வந்ததுக்கப்புறமும்.