21 நாள் நன்றி எழுதினால் நோய் போய்விடுமா?

“21 நாள் நன்றிக் குறிப்பு எழுதினால் தீராத நோயும் தீரும், மாத்திரையே வேண்டாம், அமெரிக்க ஆய்வு நிரூபித்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஆய்வு உண்மைதான், முடிவைத்தான் திரித்துவிட்டார்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லவும் 2003-இல் வெளியிட்டது அது. அதன் ஒரு பகுதியில் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் கலந்துகொண்டார்கள், பலருக்கு எப்போதோ வந்த போலியோ பல வருடம் கழித்துக் கொடுத்த தசை பலவீனம். ஒரு பிரிவினர் 21 நாள் தினமும் நன்றிக்குரியவற்றை எழுத, மற்றவர்கள் தங்கள் மனநிலை, தூக்கம் பற்றிய தினசரிப் படிவத்தை மட்டும் நிரப்பினார்கள். எழுதியவர்களுக்கு மனநிலை மேம்பட்டது, தூக்கம் கூடியது, வரும் வாரத்தைப் பற்றி நம்பிக்கையும் அதிகம். அவ்வளவுதான், நோய் குணமானதாக ஆய்வாளர்கள் சொல்லவே இல்லை.

சரி, தூக்கமும் நம்பிக்கையும் சின்ன விஷயமா? இரவெல்லாம் புரண்டு படுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பிடித்தால் தாராளமாக எழுதுங்கள், “இன்று மாடிப்படி ஏற முடிந்தது, பக்கத்து வீட்டு அக்கா ரசம் கொடுத்தார்” என்று. பிடிக்காத நாளில் விட்டுவிடுங்கள். வலியில் கிடப்பவரிடம் ‘நன்றி எழுதினாயா?’ என்று விசாரிப்பது (நம் சொந்தக்காரர்களுக்குக் கைவந்த கலை) கொடுமை. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை விட்டால் ஓரிரு நாளிலேயே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.