பத்து சதவீத சார்ஜ்

2014க்கு முன்னால் பர்மாவில் சிம் கார்டு வைத்திருந்தவர் பணக்காரர். அந்த ஆண்டு டெலினார், உரிடூ என்ற வெளிநாட்டு போன் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் விற்றதும், எங்கள் தெரு போன் கடை வாசலில் அன்னதானத்துக்கு நிற்பதுபோல வரிசை. இமெயில் முகவரி கூட இல்லாத எங்களுக்குக் கடைக்காரரே முகநூல் கணக்கைத் திறந்து கையில் கொடுத்தார். இன்டர்நெட் என்றால் முகநூல் என்றுதான் இங்கே நிறையப் பேர் பழகினோம்.

அதில் நல்லதும் நடந்தது. 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது கப்பலேறிய பெரியம்மாவை அம்மா அப்புறம் பார்க்கவே இல்லை. சென்னையில் யாரோ போட்ட கல்யாணப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், அவரைக் கண்டுபிடித்தார். மூக்குத்தி தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதித்தார். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் அவை விடாமல் கொத்தின. நாமும் அப்படித்தான். அடுத்த தள்ளலில் இன்னொரு பெரியம்மா கிடைக்கலாமே! கிடைப்பதென்னவோ பிரியாணியும் யாரோ இருவர் சண்டையும். பக்கம் ஓரிடத்தில் முடிந்தாலாவது கை நிற்கும். 2006இல் அசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா உருட்டல் அதையும் எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்கு வருந்தினார். மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்று முகநூலின் முதல் தலைவர் ஷான் பார்க்கர் 2017இல் சொன்னார். அதனால், "மன உறுதி வேண்டும் தம்பி" என்று டீக்கடையில் அறிவுரை சொல்பவர்களோடு எனக்குப் பாதிதான் சம்மதம்.

2021 பிப்ரவரியில், ஆட்சி கவிழ்ந்த மூன்றாம் நாள், இங்கே முகநூலை முடக்கினார்கள். திறக்காது என்று தெரிந்தும் கட்டைவிரல் அந்த நீலக் கட்டத்துக்கே போனது. பிறகு தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலியைப் போட்டேன். செய்தி தெரிய வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் செய்திக்குப் பத்து நிமிடம் போதும். நான் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தேன்.

போன வாரம் யாங்கூனில் வழக்கம்போல கரண்ட் இல்லை. பருப்பு வெந்ததா என்று பார்க்க அம்மா, "கொஞ்சம் டார்ச் அடிப்பா" என்றார். "பத்து சதவீதம்தான் சார்ஜ் இருக்கும்மா" என்றேன். அவர் மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்தார். அந்தப் பத்து சதவீதத்தை, பக்கத்து அறையில், ரீல்ஸ் பார்த்தே தீர்த்தேன்.